காற்றை எடைபோடும் கம்பி

காட்பாடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என்னுடைய 1.2 லிட்டர் பெட்ரோல் காருக்கு கோன் ஃபில்டர் போடச் சொல்கிறார் மெக்கானிக். பிக்கப் கூடுமாம், மைலேஜும் ஏறுமாம். போடலாமா?"

கோன் ஃபில்டர் என்பது கம்பெனி பெட்டியை எடுத்துவிட்டுக் குழாயின் முனையில் மாட்டும் கூம்பு வடிவக் காற்று வடிகட்டி. ஓடப்போவது வேலூர் வெயிலில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

பிஸ்டன் இறங்கும்போது காற்று உள்ளே வருகிறது, பெட்ரோல் சேர்கிறது, பொறி பட்டு எரிகிறது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எரிதலின் கணக்கு எடையில் நடக்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். 1.2 லிட்டர் எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் சுற்றினால் நொடிக்கு 60 லிட்டர் காற்றுக்கு இடம் கொடுக்கும். அந்த 60 லிட்டரில் எத்தனை கிராம் என்பதை வெப்பம்தான் தீர்மானிக்கிறது. 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை 1.2 கிலோ. மே மாதத்து வேலூரில் 40 டிகிரியைத் தொடும்போது 1.1 கிலோ தேறினால் அதிகம். தோராயமாக 3 டிகிரி ஏறினால் ஒரு சதவீதம் காற்று குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி பேப்பர் ஃபில்டர் சுத்தமாக இருந்தால், ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தாலும் அது தின்னும் அழுத்தம் ஓரிரு கிலோபாஸ்கல்தான். வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல். ஆக, ஃபில்டரே இல்லாமல் ஓட்டினாலும் கிடைப்பது ஓரிரு சதவீதம். இன்னொரு பக்கம், கம்பெனி குழாய் பெரும்பாலும் ரேடியேட்டருக்கு முன்னாலிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது. கோன் ஃபில்டரோ பானெட்டுக்குள்ளேயே உட்கார்ந்து எஞ்சின் சூட்டைக் குடிக்கிறது. வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஏசி போட்டு நின்றால் பானெட்டுக்குள் 60 டிகிரி சாதாரணம். 20 டிகிரி கூடுதல் என்றால் 6 சதவீதத்துக்கு மேல் காற்று போயிற்று. வண்டி ஓடும்போது சூடு கொஞ்சம் இறங்கும், சரி. ஆனால் வாங்கிய ஓரிரு சதவீதத்துக்குக் கொடுத்த விலை அதிகம்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். எத்தனை கிராம் காற்று வந்தது என்று எஞ்சினுக்கு எப்படித் தெரிகிறது?

பல கார்களில் ஃபில்டர் பெட்டியை அடுத்த குழாயில் ஒரு சென்சார் இருக்கும். மெக்கானிக்குகள் 'மாஃப் சென்சார்' என்பார்கள் (MAF, அதாவது மாஸ் ஏர் ஃப்ளோ: உள்ளே வரும் காற்றின் எடை ஓட்டம்). 1980-களின் தொடக்கத்தில் பாஷ் நிறுவனம் கார்களுக்குக் கொண்டுவந்த வடிவத்தில் இதன் உயிர், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடத் தடிமன் இல்லாத பிளாட்டினக் கம்பி. அதில் மின்சாரம் பாய்ச்சி, வரும் காற்றைவிட சுமார் 100 டிகிரி கூடுதல் சூட்டில் வைத்திருப்பார்கள். கொதிக்கும் டீயை ஊதினால் ஆறுவது போல, காற்று பட்டதும் கம்பி ஆறப் பார்க்கும். ஆறவிடாமல் சுற்று உடனே மின்சாரத்தைக் கூட்டும். எவ்வளவு கூட்ட வேண்டியிருந்ததோ, அதுதான் காற்றின் அளவு.

சூட்டை அள்ளிக்கொண்டு போவது காற்றின் வேகம் மட்டுமில்லை, அடர்த்தியும்தான். வேகமும் அடர்த்தியும் பெருகி வருவதுதானே எடை ஓட்டம்! கம்பி நேரடியாக கிராமையே அளக்கிறது. 1914-ல் மெக்கில் பல்கலைக்கழகத்தின் எல். வி. கிங் இந்தக் கணக்கைப் போட்டுவைத்தார்: கம்பி இழக்கும் வெப்பம், எடை ஓட்டத்தின் வர்க்கமூலத்தோடு சேர்ந்து ஏறும். இந்த வர்க்கமூலம் ஒரு பெரிய வசதி. ஐடிலில் (வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது) நொடிக்கு 2 கிராம், முழு வேகத்தில் 60 கிராம் என்றால் முப்பது மடங்கு வித்தியாசம். கம்பி அதை ஐந்தரை மடங்குக்குள் சுருக்கிவிடுகிறது. சின்ன ஓட்டத்தையும் துல்லியமாகப் பிடிக்கும், பெரிய ஓட்டத்திலும் திணறாது.

காற்றே சூடாக வந்தால் கம்பி ஏமாறாதா? ஏமாறாது. பக்கத்திலேயே சூடாக்கப்படாத இன்னொரு மின்தடை காற்றின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே வீட்ஸ்டன் சமனச்சுற்றின் கைகள். ஆம், பிளஸ் டூ இயற்பியலில் படித்த அதே சுற்றுதான். காற்று 42 டிகிரி என்றால் கம்பி 142-க்குப் போய்விடும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி 1,100 மீட்டர் உயரத்தை அடையும்போது காற்று பத்து சதவீதம் லேசாகிறது. கணினி இல்லாமலே பெட்ரோலைக் கலந்த பழைய கார்புரேட்டர் கார்களில் அங்கே பெட்ரோல் கூடிப்போய்க் கரும்புகை வரும். கம்பிக்கு அந்தத் தொல்லையே இல்லை. மலையைப் பற்றி யாரும் அதற்குச் சொல்ல வேண்டாம். அப்புறம், எஞ்சினை அணைத்ததும் ஒரு நொடி கம்பியை 1000 டிகிரிக்குச் சூடாக்கி, ஒட்டிய அழுக்கை எரித்துவிடுவார்கள். இன்றைய சென்சார்களில் கம்பிக்குப் பதில் மெல்லிய படலம் வந்துவிட்டது. தத்துவம் மாறவில்லை.

இவ்வளவு நுட்பமான கருவியும் குழாயின் விட்டத்தை நம்பித்தான் இருக்கிறது. அது தொட்டுப் பார்ப்பது காற்றின் ஒரு சிறு பகுதியை. மொத்தத்தை எஞ்சினின் கணினி கணக்கிடுகிறது. 60 மில்லிமீட்டர் குழாயை எடுத்துவிட்டு 66 மில்லிமீட்டர் குழாயில் அதே சென்சாரைச் செருகினால் பரப்பு 21 சதவீதம் கூடுகிறது, சென்சாரைக் கடக்கும் காற்று மெதுவாகிறது. அதே அளவு காற்றை 17 சதவீதம் குறைவாகச் சொல்லும். பெட்ரோலும் அந்த அளவு குறையும். சாதாரண ஓட்டத்தில் சைலன்சர் பக்கமுள்ள ஆக்ஸிஜன் சென்சார் கண்டுபிடித்துத் திருத்திவிடும். திருத்த முடியாத அளவுக்குப் போனால் செக் எஞ்சின் விளக்கு எரியும். ஆனால் முழுதாக மிதிக்கும்போது பெரும்பாலான கார்களில் அந்தத் திருத்தம் ஓய்ந்துவிடுகிறது. எந்தப் பிக்கப்புக்காக ஃபில்டர் மாற்றினீர்களோ, அந்த நொடியில்தான் எஞ்சின் பெட்ரோல் போதாமல் தட்டும்.

எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டர் என்றால் இன்னொரு கவலை. எண்ணெய் அதிகமானால் அது சென்சாரில் படிந்து, தூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அளவைக் கெடுக்கும்.

பல சின்ன பெட்ரோல் கார்களில் மாஃப் சென்சார் கிடையாது. உள்வரும் பாதையின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் பார்த்துக் காற்றின் எடையைக் கணக்கிடுவார்கள். அவற்றில் குழாய் மாற்றம் அவ்வளவு குழப்பாது. ஆனால் சூட்டால் காற்று குறையும் நஷ்டம் அங்கேயும் உண்டு.

மைலேஜ் பேச்சுக்கு ஆதாரமே இல்லை. ஊருக்குள் ஓட்டும்போது, ஆக்ஸிலேட்டரை மிதிக்கக் காற்று வழியைத் திறக்கும் த்ராட்டில் தகடு பாதிக்கு மேல் மூடித்தான் இருக்கிறது. காற்றைத் தடுப்பது உங்கள் கால். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் அடைத்துப்போன ஃபில்டரோடு கார்களை ஓட்டிச் சோதித்தது. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கார்களில் மைலேஜ் சொல்லும்படி மாறவில்லை, பிக்கப்தான் குறைந்தது. இவ்வளவு எளிய கேள்விக்கு அரசுப் பணம் செலவழித்தது எனக்கு மிகச் சரியாகவே படுகிறது. நம் மாவட்டத்திலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. பாலாற்று மணலும் கல்குவாரித் தூசியும் கலந்த நம் காற்றில், எந்த ஃபில்டர் எவ்வளவு தூசியை உள்ளே விடுகிறது என்று மாணவர்கள் அளந்து சொல்ல ஒரு சிறு நிதி ஒதுக்கினால் ஆயிரக்கணக்கான வண்டிகளுக்கு உதவும். அப்படிச் செய்யாதவரை "சத்தம் வந்தால் சக்தி வந்தது" என்ற நம்பிக்கைதான் ஃபில்டர் விற்கும். அந்தச் சத்தம், வால்வு திறந்து மூடும்போது காற்றில் எழுந்து, இத்தனை நாள் கம்பெனி பெட்டி அடக்கிவைத்திருந்த துடிப்பு. புதிதாக எந்தச் சக்தியும் அதில் இல்லை.

காட்பாடி வாசகருக்கு என் பதில்: கம்பெனி பெட்டியை அப்படியே விட்டு, பேப்பர் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள். தூசி ரோடு என்றால் இன்னும் சீக்கிரம். கோன் போட்டே தீருவேன் என்றால், சென்சார் இருக்கும் குழாயை மட்டும் மாற்றாதீர்கள். எஞ்சின் சூடு படாமல் ஒரு தடுப்புத் தகடு வையுங்கள். முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்று வர வழி செய்யுங்கள். குளிர்ந்த காற்றுக்காக ஃபில்டரை பம்பருக்கு அடியில் இறக்க வேண்டாம். மழைநாளில் சப்வே தண்ணீரை அது உறிஞ்சினால், அமுங்காத தண்ணீரோடு பிஸ்டன் மோதிக் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.