மாரி பெய்தால் துளிர், துளிர் வந்தால் முட்டை

புறக்கோட்டையில் பல் துலக்கும் மிஸ்வாக் குச்சி ஒன்றை வாங்கி நுனியைக் கடித்துப் பாருங்கள். நாக்கில் முதலில் ஏறுவது ஒரு காரம். மிளகாய்க் காரமல்ல, கடுகு அரைக்கும்போது மூக்கில் ஏறுமே, அந்தக் காரம். குச்சி உகாய் மரத்தினுடையது. சங்கப் பாடல்களில் பாலை நிலத்து மரமாக வரும் அதே உகாய், இன்றும் மன்னார், புத்தளம், அம்பாந்தோட்டைக் கரையோரங்களில் உப்புக் காற்றைத் தாங்கி நிற்கிறது. வறண்ட நிலத்தில் எந்த வண்ணத்துப்பூச்சி எந்தச் செடியில் பிழைக்கும் என்பதற்குப் பாதி விடை அந்தக் காரத்திலேயே இருக்கிறது.

கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2400 மில்லிமீட்டர் மழை. மன்னாரில் அதில் பாதிகூட இல்லை. அதிலும் பெரும்பகுதி மாரியில், ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டி முடிந்துவிடும். பிறகு சோழகக் காற்று வீசத் தொடங்கினால் மாதக்கணக்கில் மண் காய்ந்து வெடிக்கும். இந்த இடத்தில் ஒரு புழு வாழவேண்டும். புழு தண்ணீர் தேடிப் போய்க் குடிப்பதில்லை. உடம்புக்கு வேண்டிய ஈரம் முழுவதையும் இலையிலிருந்தே எடுக்கிறது. இலை முற்றினால் ஈரமும் குறையும், தசை வளர்க்கும் நைதரசனும் குறையும். ஆகவே இங்கே வண்ணத்துப்பூச்சியின் பஞ்சாங்கம் மழையைப் பார்ப்பதில்லை, துளிரைப் பார்க்கிறது.

அந்தப் பஞ்சாங்கத்தின் முக்கியமான செடிகள் ஐந்து: உகாய், விழுதி, ஆதொண்டை, பூமிச்சர்க்கரை, இசங்கு. வீதி அகலிக்கும்போதும் காணி துப்புரவாக்கும்போதும் முதலில் வெட்டுப்படுவதும் இவைதான். "சும்மா பற்றை" என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். ஆனால் வெள்ளை இறகின் நுனியில் குங்குமம் தொட்டதுபோல் பறக்கும் கிரிம்சன் டிப் வண்ணத்துப்பூச்சிக்கு விழுதியும் அதன் உறவுச் செடிகளும் இல்லாவிட்டால் அடுத்த தலைமுறை இல்லை. லிட்டில் ஒரேஞ்ச் டிப்பும் அப்படியே. ரின்மீன் சமனின் சதை நிறத்தில் இறகு கொண்ட ஸ்மோல் சமன் அரப், உகாயிலும் இசங்கிலும் முட்டையிடும். இசங்கை அடையாளம் காண்பது எளிது: கணுவுக்கு நான்கு நீண்ட முட்கள். விழுதிக்கு முள்ளே கிடையாது. மெல்லிய கிளைகள் வளைந்து தொங்கும்; காய் வெடித்தால் உள்ளே செம்மஞ்சள் சதை தெரியும்.

இந்த ஐந்தையும் இணைப்பது கடுகுக் காரம்தான். இவையெல்லாம் கடுகு, முருங்கை, பப்பாசி ஆகியவற்றின் வரிசையைச் சேர்ந்தவை. இலையில் குளுக்கோசினோலேற்று என்ற சேர்வை ஓர் அறையிலும், அதை உடைக்கும் நொதியம் இன்னோர் அறையிலும் இருக்கும். இலையைக் கடித்த கணத்தில் இரண்டும் கலந்து காரமான நஞ்சு உண்டாகிறது. பெரும்பாலான பூச்சிகள் அத்தோடு ஒதுங்கிவிடும். வெள்ளை, மஞ்சள் இறகுக் குடும்பமான பியரிடேயின் குடம்பிகள், அதாவது புழுக்கள், ஒதுங்குவதில்லை. அவற்றின் குடலில் உள்ள ஒரு புரதம் அந்த வேதிமாற்றத்தையே வேறு வழியில் திருப்பி, கடுமை குறைந்த பொருளாக மாற்றி எச்சத்தோடு வெளியே தள்ளிவிடுகிறது. அதற்கு மேல் ஒரு படி போய், எதிரியை விரட்டும் அந்தச் சேர்வையையே "முட்டையிட ஏற்ற இடம் இது" என்ற அடையாளமாகத் தாய்ப்பூச்சி எடுத்துக்கொள்கிறது.

தாய் செடியைக் கண்ணால் மட்டும் தேர்வதில்லை. இலையில் இறங்கியதும் முன்கால்களால் படபடவென்று தட்டும். காலில் சுவை உணரும் மயிர்கள் உண்டு. சுவை பிடிக்காவிட்டால் ஒரு நொடிக்குள் பறந்துவிடும். பிடித்தால் வயிற்று நுனியை வளைத்து முட்டையை ஒட்டும். ஒரேஞ்ச் டிப் வகைகளின் முட்டை நின்றநிலையில் ஒரு குட்டிப் போத்தல் போலிருக்கும். மேலிருந்து கீழாக வரிகள் ஓடும். சமன் அரப் முட்டைகளைக் கூட்டமாக இடும். மற்றவற்றில் பல இலைக்கு ஒன்றாக இடும். முட்டை பெரும்பாலும் இளந்துளிரிலோ இலையின் அடிப்பக்கத்திலோ இருப்பதற்குக் காரணம் உண்டு. இவ்வளவு சிறிய முட்டைக்குள் இருக்கும் ஈரம் மிகக் கொஞ்சம். இலைவாய்கள் ஆவியை வெளிவிடும் அடிப்பக்கத்தில் மெல்லிய, ஈரமான காற்றுப் படலம் ஒன்று ஒட்டியிருக்கும். வெயில் படாத அந்தப் படலத்துக்குள்தான் முட்டை பிழைக்கிறது.

குடம்பிப் பருவத்தைக் கண்ணால் பின்தொடர விரும்பும் கொழும்புக்காரர் மன்னாருக்குப் போகவேண்டியதில்லை. எருக்கலை போதும். கடலோரத் தண்டவாளப் பக்கத்திலும் வெறுங்காணிகளிலும் தானாக முளைக்கும் இச்செடி வறண்ட நிலத்துக்காகவே அமைந்தது: மெழுகு பூசிய தடித்த இலை, ஆழமான வேர், நஞ்சுப் பால். இதைத் தின்பது பிளேன் டைகர் எனப்படும் வெந்தய வரியனின் குடம்பி. வெள்ளை, கறுப்பு, மஞ்சள் வளையங்களும் முதுகில் மூன்று சோடிக் கறுத்த இழைகளும் கொண்டது. மயிர்க்கொட்டி என்று பயந்து அடித்துவிடாதீர்கள். இதில் சுணைமயிரே கிடையாது.

அது உண்ணும் முறையைக் கிட்டவிருந்து பார்க்கவேண்டும். நன்கு வளர்ந்த புழு இலை விளிம்பிலிருந்து நேராகத் தின்னத் தொடங்காது. முதலில் இலை நரம்பில் ஓரிடத்தைக் கடிக்கும். பால் துளிர்க்கும். தலையைப் பின்னிழுத்து, வாயைத் துடைத்து, மறுபடி கடிக்கும். நரம்பு அறுந்ததும் அதற்கு அப்பால் பால் அழுத்தம் விழுந்துவிடும். பிறகே அந்தப் பகுதியைத் தின்னும். இதைச் சரியாகச் செய்ய முடியாத குஞ்சுப் புழுக்கள் பிசுபிசுத்த பாலில் வாய் ஒட்டிச் சாவதுண்டு. இலையின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்ளும் திறன் இந்த இனத்துக்கு உண்டு. அதனால் ஒருமுறை கொத்திக் கசப்பு அறிந்த பறவை அந்த நிறத்தை மறக்காது.

கொழும்பு வெப்பநிலையில் இதன் முட்டை 3 முதல் 5 நாளில் பொரிக்கும். முதல் உணவு தன் முட்டையின் ஓடுதான். பிறகு நான்கு முறை தோல் கழற்றி ஐந்து பருவங்களைக் கடக்க ஏறத்தாழ 2 கிழமை. மொத்த உணவில் முக்கால் பங்குக்கு மேல் கடைசிப் பருவத்தில்தான் உள்ளே போகிறது. ஆகவே ஆரம்பத்தில் இலை தாராளமாக இருக்கிறதே என்று நம்பிவிடக்கூடாது. பின்பு தலைகீழாகத் தொங்கிக் கூட்டுப்புழுவாகும். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். இன்னும் 8 முதல் 10 நாள். ஓட்டின் ஊடாகச் செம்மஞ்சள் இறகு தெரியத் தொடங்கினால் மறுநாள் நிறையுடலி வெளிவரும்.

கோடையை எப்படிக் கடக்கின்றன? எல்லா இனத்துக்கும் ஒரே வழி இல்லை. உகாய் ஆழமான வேரால் கோடையிலும் பச்சை காக்கும். அதைச் சார்ந்தவை குறைந்த எண்ணிக்கையில் தாக்குப்பிடிக்கும். சுவாலோட்ரெயில் எனப்படும் அழகிக் குடும்பத்தில் சில இனங்களின் கூட்டுப்புழு வளர்ச்சியை நிறுத்தி, மழை வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கும். இன்னும் சில இடம் பெயரும். சில மாதங்களில் காலி வீதிக்கு மேலாகவே ஒரே திசையில் வெள்ளையும் மஞ்சளுமாக ஓடும் ஓட்டத்தில் லெமன் எமிகிரன்ற் முக்கியமானது. அதன் குடம்பி கொன்றையில் வளர்வது. கோடையில் பிறக்கும் ஒரேஞ்ச் டிப்புகளின் உருவமே வேறு: உடல் சிறுத்து, கறுப்புக் கோடுகள் குறைந்து, இறகின் அடிப்பக்கம் காய்ந்த மண் நிறம் கொள்ளும். மாரியில் பிறந்ததையும் கோடையில் பிறந்ததையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு இனமென்றே நினைப்பீர்கள். எந்த உருவம் என்பது இறகு உருவாகும் முன்பே, வளரும் பருவத்துச் சூழலைப் பொறுத்து முடிவாகிவிடுகிறது.

இனி, தொடர்மாடிப் பல்கனியில் என்ன செய்யலாம்? விழுதியைச் சாடியில் வளர்த்தால் கிரிம்சன் டிப் வரும் என்று எண்ணவேண்டாம். அருகில் அந்தப் பூச்சி வாழும் பற்றை இல்லாதவரை வராது. கொழும்பு மழையில் அதன் வேரும் அழுகும். இங்கே பலன் தருவது தேசி, கறிவேப்பிலை, இடமிருந்தால் எருக்கலை. தேசியும் கறிவேப்பிலையும் லைம் பட்டர்பிளை எனப்படும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் உணவு. வறண்ட வலயத்தில் அதே பூச்சி விளாமரத்தில் வளர்கிறது. சாடி 12 அங்குலம். மணல் இரண்டு பங்கு, மண் ஒரு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு. அடியில் துளை நன்றாகத் திறந்திருக்க வேண்டும். சாடிக்குக் கீழே தண்ணீர் தேங்கும் தட்டு வைக்கவே வேண்டாம்: வேர் அழுகும், டெங்கு நுளம்பும் பெருகும்.

கடையில் வாங்கிய கன்றில் பெரும்பாலும் பூச்சிமருந்து அடித்திருக்கும். வாங்கியதும் புழு விட்டால் இரண்டு நாளில் வாந்தியெடுத்துச் சுருண்டுவிடும். பழைய இலைகளைக் கிள்ளிவிட்டு, புதிதாக இரண்டு தடவை துளிர் வரும்வரை பொறுத்திருங்கள். முழ உயரக் கன்றில் மூன்று நான்கு புழுவுக்கு மேல் தாங்காது. தேசிப் புழு முதலில் பறவை எச்சம்போல் கறுப்பும் வெள்ளையுமாகவும், கடைசிப் பருவத்தில் பச்சையாகவும் இருக்கும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைக்கொம்பு ஒன்றை நீட்டி நாற்றம் விடும், கடிக்காது.

பெட்டியில் வளர்ப்பவர்கள் செய்யும் பிழைகள் பழகிப்போனவை. கிளையைத் தண்ணீர்ப் போத்தலில் வைத்தால் வாயைப் பஞ்சால் அடையுங்கள். இல்லையேல் புழு தண்டு வழியே இறங்கி மூழ்கும். மூடி இறுக்கிய பிளாஸ்ரிக் பெட்டி கூடாது. எச்சத்தில் பூஞ்சணம் பிடித்து நோய் வந்தால் புழு கறுத்து நீர்போல் உருகும். ஒன்று போனால் மற்றவையும் போகும். ஒரு பக்கமாவது வலை இருக்கட்டும், அடியில் விரித்த தாளைத் தினமும் மாற்றுங்கள். கூட்டுப்புழுவைச் சுற்றிப் போதிய இடம் விடாவிட்டால் வெளிவந்த பூச்சி இறகைத் தொங்கவிட்டு விரிக்க முடியாமல் சுருங்கிய இறகோடு நின்றுவிடும். பிறகு அதை நிமிர்த்த வழி இல்லை. கூட்டுப்புழுவில் சிறு வட்டத் துளை தெரிந்தால் உள்ளே இருந்தது ஒட்டுண்ணிக் குளவி. அது உங்கள் தவறல்ல. நுளம்புக்குப் புகையடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் பெட்டியை உள்ளறைக்கு எடுத்து ஜன்னலைச் சாத்திவிடுங்கள். எருக்கலைப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இலை பறித்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் முகத்தைத் தொடவேண்டாம்.

விழுதிப் பூச்சிகளைக் காண, மாரி ஓய்ந்தபின் மன்னார் வீதியோரப் பற்றைகளுக்குப் போகலாம். வெயில் ஏறியபின் போங்கள்; உடம்பு சூடாகாமல் அவை கிளம்பா. பறக்கும் பூச்சியைத் துரத்தாமல் ஒரு விழுதிச் செடியின் முன்னால் கால்மணி நேரம் குந்தியிருந்தால், இளந்துளிரைக் காலால் தட்டிப் பார்க்கும் தாயைக் காணலாம். அது போனபின் இலையை ஒடிக்காமல் மெல்லத் திருப்பினால் அடிப்பக்கத்தில் அந்தப் போத்தல் முட்டை நிற்கும். தேசியப் பூங்காவுக்குள் முட்டையையோ செடியையோ எடுப்பது சட்டப்படி குற்றம். வெளியிலும் எடுக்க வேண்டாம்; கொழும்புக்குக் கொண்டுவந்தால் பொரிக்கிற புழுவுக்கு இங்கே விழுதி இலை கிடைக்காது.