சாயங்காலம் கான் வழியே இறங்கும் நாற்றம்

தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு மேலே, மழைத்தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் குப்பை கொட்டும் இடம் இருந்தால் மத்தியானத்தில் அவ்வளவாக ஒன்றும் தெரியாது. வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியதும்தான் நாற்றம் இஸ்தோப்புக்கு வந்து சேரும். பிள்ளைகள் புத்தகத்தை விரிக்கும் நேரத்தில் கதவைச் சாத்த வேண்டிவரும். குப்பை பொழுது சாய்ந்த பிறகுதான் அழுகத் தொடங்குகிறது என்று சின்ன வயதில் நம்பியிருந்தேன்.

அழுகல் பகலிலும் நடக்கிறது. சூடு இருப்பதால் கொஞ்சம் வேகமாகவே நடக்கிறது. மாறுவது காற்று. வெயிலில் தரை சூடாகும்போது அதைத் தொட்ட காற்று லேசாகி மேலே எழும். நாற்றத்தையும் தூக்கிக்கொண்டு போய்க் கலைத்துவிடும். பொழுது சாய்ந்ததும் தரை குளிர்கிறது. அதன்மேல் படிந்த காற்றும் குளிர்ந்து கனத்து, தண்ணீர் மாதிரியே பள்ளம் பார்த்து இறங்குகிறது. மலையில் பள்ளம் என்றால் கான், ஓடை, இரண்டு லயங்களுக்கு நடுவே உள்ள சந்து. மெல்ல ஊர்ந்து வருவதால் வழியில் வேறு காற்றோடு கலப்பதும் குறைவு. மழைத்தண்ணீர் எந்த வழியில் ஓடுகிறதோ, இரவு நாற்றமும் கிட்டத்தட்ட அதே வழியில்தான் வரும்.

சரி, அந்தக் காற்று எதைச் சுமந்து வருகிறது?

கோவா இலையும் லீக்ஸ் தாளும் போட்ட உரப்பையின் வாயை இறுக்கிக் கட்டி, நாலு நாள் கழித்து அவிழ்த்துப் பாருங்கள். இலையின் நடு நரம்பு மட்டும் விறைப்பாக நிற்கும், மற்றதெல்லாம் கூழ். அடியில் வழுவழுவென்று பழுப்புத் தண்ணீர். முதலில் ஒரு புளித்த வாடை, அப்புறம் அழுகிய முட்டை நாற்றம். பைக்குள் இருந்த ஒட்சிசனை பற்றீரியாக்கள் சீக்கிரமே தீர்த்துவிடும். அதன் பிறகு காற்றில்லாமல் பிழைக்கும் பற்றீரியாக்களின் காலம். அவற்றால் உணவை முழுதாக எரிக்க முடியாது, அரைகுறையாக உடைத்து விட்டுவிடும். அந்த அரைகுறைப் பொருட்கள்தான் நாறுகின்றன. சோற்றிலும் கிழங்கிலும் உள்ள மாச்சத்திலிருந்து வரும் பியூட்டிரிக் அமிலம் வாந்தி வாடை அடிக்கும். புரதத்தில் உள்ள கந்தகம் ஐதரசன் சல்பைட்டாக மாறும். அதுதான் முட்டை நாற்றம். கோவா, லீக்ஸ், ராபு எல்லாவற்றிலும் கந்தகச் சேர்மங்கள் நிறைய உண்டு. நுவரெலியாப் பக்கத்து மரக்கறிக் குப்பை அப்படி நாறுவதற்கு இதுவே காரணம்.

ஐதரசன் சல்பைட்டு, நூறு கோடிப் பங்கு காற்றில் சில பங்கு கலந்திருந்தாலே நம் மூக்கு பிடித்துவிடும். ஆகவே நாற்றம் வந்த உடனே நஞ்சு என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பத்து இலட்சத்துக்கு நூறு பங்கு அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. மூடிக் கிடந்த குழிக்குள் "நாற்றம் போய்விட்டது" என்று நம்பி யாரும் இறங்கவே கூடாது.

நாற்றமே இல்லாத இன்னொன்றும் வருகிறது. காற்றில்லாத அழுகலின் கடைசிப் படியில் உண்டாகும் மெதேன் அது. அதை உண்டாக்குவது பற்றீரியாகூட அல்ல, ஆர்க்கியா என்ற தனி வகை நுண்ணுயிர். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மெதேன் ஏறக்குறைய 28 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். 20 ஆண்டுக் கணக்கில் சுமார் 80 கிலோவுக்குச் சமம். கண்டி நகரத்துக் குப்பை மகாவலிக் கரையில், கொஹாகொடையில், பல ஆண்டுகளாகக் குவிந்தது. அப்படிப்பட்ட மேட்டின் ஆழத்துக்குக் காற்று போக வழியே இல்லை.

நம் ஊரில் காற்றுக்கு முதல் எதிரி மழை. ஒட்சிசன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், தண்ணீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவுகிறது. தென்மேற்குப் பருவமழையில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் நனைந்து ஊறிய குப்பை, திறந்த வெளியில் கிடந்தாலும் கட்டிய பைக்குள் இருப்பது போலத்தான்.

கூட்டெரு இதற்கு நேர் எதிர். காற்று உள்ளே போகும்படி குவித்தால் பற்றீரியாக்கள் முழுதாக எரிக்கும். பெரும்பாலும் காபனீரொட்சைட்டும் நீராவியும் சூடும்தான் வெளியேறும். அந்தக் காபனீரொட்சைட்டு, செடி சில மாதங்களுக்கு முன் காற்றிலிருந்து எடுத்ததுதான். நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகை அளவுதான், ஆனாலும் நல்ல குவியலின் நடுப்பகுதி 55 முதல் 65 பாகை வரை ஏறும். பனி விழும் காலையில் அதைக் கிளறினால் கேத்தில் மூடியைத் திறந்த மாதிரி ஆவி வரும். கையை உள்ளே வைத்திருக்க முடியாது. அதற்குக் குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மீற்றராவது இருக்க வேண்டும். சின்னக் குவியலின் சூட்டை நம் குளிர் தின்றுவிடும்.

அமோனியா நெடி வேறு கதை. கண்ணைக் கரிக்கும் அந்த நெடி, நைதரசன் மிஞ்சிவிட்டது என்பதற்கு அடையாளம். ஒரு பங்கு நைதரசனுக்கு 25 முதல் 30 பங்கு காபன் இருந்தால் பற்றீரியாக்கள் நைதரசனைத் தங்கள் உடம்பிலேயே கட்டி வைக்கும். சமையலறைக் கழிவில் காபன் போதாது. பலர் ஏமாறும் இடம் தேயிலைச் சக்கை: பார்க்கக் காய்ந்த சருகு போல இருந்தாலும் நைதரசன் மிகுந்தது, பச்சைக் கழிவோடுதான் சேர்க்க வேண்டும். காபனுக்கு மரத்தூளும் கிரெவிலியா மரச் சருகும் உதவும். கவ்வாத்து மிலாறை, அதாவது வெட்டிக் கழித்த தேயிலைக் குச்சிகளை, முறித்துப் போட்டால் இன்னும் நல்லது. அது சீக்கிரம் மக்காது, ஆனால் இடைவெளி விட்டு நிற்பதால் காற்று உள்ளே போகும்.

மீன் தலையையும் எலும்பையும் மேலே போடாதீர்கள். வாடைக்கு நாய் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும். நடுவில் புதைத்து, மேலே ஒரு சாண் உயரத்துக்கு முற்றிய கூட்டெருவைப் பரப்புங்கள். கீழிருந்து எழும் நாற்ற வாயுக்களை அந்த அடுக்கில் வாழும் பற்றீரியாக்களே பெரும்பாலும் உண்டுவிடும்.

அப்புறம், குவியலைப் புரட்டும் நேரம். புரட்டும்போது உள்ளே அடைபட்ட வாயு ஒரேயடியாக வெளியே வரும். வேலை முடிந்து வந்து சாயங்காலத்தில் புரட்டினால் அது கீழ் லயத்துக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, வெயில் ஏறிய பிறகு புரட்டினால் மேலே போய்விடும்.