ஆன்டிவைரஸைத் திட்டுவதற்கு முன் ஹார்டு டிஸ்க்கைப் பாருங்கள்

மாதாமாதம் 18, 19 தேதிகளில் என் போன் ஓயாது. 20 ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர் 3பி என்ற மாத ஜிஎஸ்டி கணக்கு போட வேண்டியவர்கள் அப்போதுதான் கம்ப்யூட்டர் முன் உட்காருவார்கள், அதுவும் பார்த்து அப்போதுதான் உறைந்து நிற்கும். போன மழைக்காலத்தில் தாராவி 90 அடி ரோட்டில் தோல் பைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி கூப்பிட்டார். "தம்பி, தெனமும் பதினோரு மணியானா பெட்டி செத்துப்போவுது. எல்லாம் அந்த ஆன்டிவைரஸ் பண்ற வேலை. வந்து அதைத் தூக்கிப் போட்டுட்டுப் போ."

தூக்கிப் போட இரண்டு நிமிடம் போதும். நான் போடவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பெட்டி நிஜமாகவே செத்துவிட்டதா, இல்லை மூச்சுத் திணறுகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். கீபோர்டு விளக்கு எரிந்து அணைந்தால் விண்டோஸ் உயிரோடுதான் இருக்கிறது. முகப்பில் டிஸ்க் விளக்கு விடாமல் எரிந்தால் வேலை டிஸ்க்கில் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்காதீர்கள். டேலி என்ற கணக்கு மென்பொருள் திறந்திருந்தால் கணக்கு பாழாகலாம். ஒரு கட்டிங் சாய் குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

நான் போனபோது மவுஸ் நகர்ந்தது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி எது எவ்வளவு வேலை வாங்குகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். சிபியு 15 சதவீதம்கூட இல்லை, டிஸ்க் மட்டும் 100. மேலே வரிசையாக இரண்டு ஆன்டிவைரஸ். ஒன்று பெட்டி வாங்கும்போதே வந்தது, இன்னொன்று மருமகன் போட்டது. வீட்டு வாசலில் இரண்டு வாட்ச்மேன் நின்று, ஒருவன் திறக்கும் பையை இன்னொருவன் மறுபடி சோதிக்கிற கதைதான். வெளி ஆன்டிவைரஸ் ஒன்று வந்தால் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். வெளியிலிருந்து வந்த இரண்டுக்கும் நடுவே அந்த மரியாதை கிடையாது. ஒன்றை நீக்கினேன்.

பதினோரு மணிக் கணக்கும் பிடிபட்டது. ஸ்கேன் நேரம் இரவு 2 மணி என்று வைத்திருந்தது. ராத்திரி கடையை மூடும்போது அண்ணாச்சி மெயினையே அணைத்துவிடுவார். விட்டுப்போன ஸ்கேன் காலையில் பெட்டியைப் போட்டதும் ஆரம்பித்து, பில் போடுகிற நேரத்தில் மென்னியைப் பிடிக்கும். அதை மதியச் சாப்பாட்டு வேளைக்கு மாற்றினேன்.

டிஃபெண்டர் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பட்டியலில் அது ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள் என்ற பெயரில் வரும், பார்த்துப் பயப்பட வேண்டாம். நேரம் குறித்து நடக்கும் ஸ்கேனுக்கு அது வைத்துக்கொள்ளும் 50 சதவீத வரம்பு சிபியுவுக்குத்தான். டிஸ்க்குக்கு அப்படி எதுவும் இல்லை. நிமிடத்துக்கு 5400 சுற்று சுழலும் (5400 ஆர்பிஎம்) டிஸ்க்கில் ஊசி அங்கும் இங்கும் ஓடித்தான் படிக்க வேண்டும், சிதறிக் கிடக்கும் சின்னக் கோப்புகள் என்றால் நொடிக்கு நூறு தடவை படித்தாலே பெரிது. ஸ்கேன் ஒரு பக்கம் இழுக்க, டேலி இன்னொரு பக்கம் இழுத்தால் என்ன ஆகும்?

இவ்வளவு செய்தும் மறுநாள் மதியம் மறுபடி போன். இந்த முறை ஸ்கேன் ஓடும்போது பக்கத்திலேயே உட்கார்ந்தேன். 61 சதவீதத்தில் நின்றது. நிறுத்தி மறுபடி ஓட்டினேன், அதே 61. விண்டோஸிலேயே இருக்கும் ரிசோர்ஸ் மானிட்டரில் டிஸ்க் பக்கத்தைத் திறந்தால் ஸ்கேன் எந்தக் கோப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். பழைய பை மாதிரிகளின் படங்கள் அடங்கிய ஒரு ஜிப் கோப்பு. அதைப் பென் டிரைவுக்கு காப்பி செய்து பார்த்தேன். ஆன்டிவைரஸுக்குச் சம்பந்தமே இல்லாத வேலை, அதுவும் நடுவில் நின்றது.

அண்ணாச்சி பல வருஷமாகத் தொடாத கோப்பு அது. ஸ்கேன் மட்டும்தான் போய்த் தட்டியது. கெட்டுப்போன செக்டாரை, அதாவது டிஸ்க்கின் ஒரு சின்னத் துண்டை, படிக்க முடியாமல் டிஸ்க் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும், அது பதில் சொல்லும்வரை விண்டோஸ் காத்திருக்கும். நமக்கு அதுதான் உறைதல். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டுப் பார்த்தேன்: 05 (கெட்டு, மாற்று இடம் ஒதுக்கிய செக்டார்கள்), சி5 (படிக்க முடியாமல் தொங்கும் செக்டார்கள்) இரண்டு வரிசையிலும் எண்கள் ஏறியிருந்தன. விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் டிஸ்க் பெயரில் 7, 153 என்ற எச்சரிக்கைகள் வாரக்கணக்காகக் குவிந்திருந்தன. சி7 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிள் கோளாறு, மாற்றினால் தீரும். சி5 ஏறினால் டிஸ்க்கை நம்பக் கூடாது.

ஆன்டிவைரஸை ஏன் தூக்கிப் போடவில்லை என்று இப்போது சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் சயனில் ஒரு வாடிக்கையாளர் இதே புகாரைச் சொன்னார். நான் கெட்டிக்காரத்தனமாக ஸ்கேனை நிறுத்திவிட்டு, இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு வந்தேன். பெட்டி பறந்தது. மூன்று மாதத்தில் டிஸ்க் போய், இரண்டு வருஷக் கணக்கும் போயிற்று. பேக்கப் எடுக்கச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அவர் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. நியாயம்தான்.

அதனால் அண்ணாச்சி பெட்டியில் ஸ்கேனை நிறுத்தினேன், ஆனால் டேலி ஃபோல்டரை முதலில் வெளியே எடுக்கத்தான். சிக்கலே இங்கேதான்: சாகப்போகிற டிஸ்க்கில் முழு ஸ்கேனோ, விண்டோஸின் டிஸ்க் சோதனையான செக் டிஸ்க்கோ ஓட்டுவது, இளைப்பு நோயாளியை மாடிப்படி ஏறச் சொல்வதுபோல. டேட்டா கையில் வந்த பிறகு என்ன சோதனை வேண்டுமானாலும் செய்யலாம்.

சி டிரைவ் முழுவதையும் எக்ஸ்குளூஷனில் (ஸ்கேன் தொடாத விலக்குப் பட்டியலில்) போட்டுவிட்டு "சரியாயிடுச்சு" என்று சொல்லும் மெக்கானிக்குகளும் உண்டு. அதற்கு ஆன்டிவைரஸ் வைத்திருப்பதே வீண். டேலி டேட்டா ஃபோல்டரை மட்டும் விலக்கினால் போதும், டவுன்லோட்ஸை ஒருநாளும் விலக்காதீர்கள். இன்னொன்று, ஒரே ஆபீஸில் எல்லாப் பெட்டியும் ஒரே நாளில் விழுந்தால் டிஸ்க்கைத் தேடாதீர்கள், புது அப்டேட்டைச் சந்தேகப்படுங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் ஒரே ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கருவிகள் படுத்தன.

லேமிங்டன் ரோட்டில் ஊசி இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் போட்டோம். ஒரே ஆன்டிவைரஸ், மதியம் 2 மணிக்கு ஸ்கேன். அந்த ஜிப் கோப்பு மட்டும் கடைசிவரை வரவில்லை. அதில் என்னென்ன மாதிரிகள் இருந்தன என்று அண்ணாச்சிக்கும் நினைவில்லை.