87-இல் ஒரு பங்கு தார்ச்சாலை

காட்பாடியிலிருந்து பாலாற்றைத் தாண்டி விழுப்புரம் போகும் ரயில் பாதையில், கணியம்பாடிப் பக்கம் பார்த்த ஒரு ரயில் கேட்டைத்தான், பலகை மேல் நான் அமைக்கும் குட்டி மாதிரி ரயிலில் கொண்டுவர ஆசைப்பட்டேன். தண்டவாளமும் எஞ்சினும் விலைக்குக் கிடைத்துவிட்டன. சாலையை மட்டும் நானே போட வேண்டியிருந்தது. ஆற்று மணலைச் சலித்து, ஃபெவிகாலில் ஒட்டி, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்தேன். காய்ந்த பிறகு பார்த்தால், ஜல்லியைக் கொட்டிவிட்டு ஒப்பந்தக்காரர் ஓடிப்போன சாலை போல இருந்தது.

எங்கே பிசகியது என்பதைப் பெருக்கல் கணக்கே சொல்லிவிடும். என்னுடையது எச்ஓ (HO) என்னும் அளவு வகை; அந்த வகை மாதிரிகள் அசலில் 87-இல் ஒரு பங்கு. 7 மீட்டர் அகலமுள்ள இருவழிச் சாலை பலகையில் 8 சென்டிமீட்டர். 10 சென்டிமீட்டர் வெள்ளைக்கோடு 1 மில்லிமீட்டரை விடச் சற்று அகலம். ஆனால் மணல் நமக்காகச் சுருங்குவதில்லை. அரை மில்லிமீட்டர் மணற்பரலை 87-ஆல் பெருக்கினால் 4 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. ஒன்றரை அங்குல ஜல்லியை விடப் பெரிது! 400-ஆம் நம்பர் உப்புத்தாளின் துகளோ சுமார் 35 மைக்ரான். பெருக்கினால் 3 மில்லிமீட்டர், அதாவது தார்ச்சாலையின் சொரசொரப்பு. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் அந்தத் தாளே சாலையாகிவிடும். இரண்டு தாள் சேரும் இடத்தில் கோடு தெரியுமே என்று கவலைப்பட வேண்டாம். குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி மூடிய வடு இல்லாத சாலை நம் ஊரில் எது?

நிறத்தில்தான் கண் நம்மை ஏமாற்றுகிறது. தார்ச்சாலை கறுப்பு என்று மனம் சொல்கிறது; போட்ட புதிதில் அது உண்மையும்கூட. பிறகு டயர்கள் உரச உரச, கல்லின் மேல் படிந்த தார்ப்படலம் தேய்ந்து, உள்ளிருக்கும் கருங்கல்லின் சாம்பல் நிறம் வெளியே வருகிறது. வெயிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் மிச்சமிருக்கும் தாரை வெளுக்க வைக்கின்றன. அதன்மேல் செம்மண் புழுதி. வேலூர் வெயிலில் இதற்கு அதிக நாள் பிடிப்பதில்லை.

சரி, அந்தச் சாம்பலை அப்படியே கலந்துவிடலாமா என்றால், அதுவும் கூடாது. உச்சி வெயிலின் ஒளி ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ்; என் மாடியறை டியூப்லைட் தருவதோ சில நூறு. வெளியே வெளிறித் தெரியும் நிறம் உள்ளே இருண்டுவிடும். தூரமும் ஒரு காரணம். பலகையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால், அந்தக் குட்டி உலகின் கணக்கில் 87 மீட்டர். அசலில் அத்தனை தொலைவிலிருந்து பார்க்கும்போது இடையிலுள்ள காற்றும் தூசியும் நிறத்தைச் சற்று மங்கலாக்கும். அந்த மங்கலையும் பெயின்ட்தான் ஈடுசெய்ய வேண்டும். ஆகவே அதிகமாக வெளுத்துவிட்டதோ என்று பயம் வரும்வரை வெள்ளையைச் சேர்த்து, ஒரு சிட்டிகை காவியும் கலந்துகொள்ளுங்கள்.

பிறகு கேட்டை ஒட்டிய பகுதியை மட்டும் கறுக்க வைக்க வேண்டும். லாரிகள் காத்து நிற்கும் இடத்தில் எஞ்சினிலிருந்து எண்ணெய் சொட்டும். வண்டித் தடத்தின் நடுவே மெல்லிய கறையாகத் தொடங்கி, கேட்டை நெருங்க நெருங்க அது அடர்ந்துகொண்டே போகும். பென்சில் ஊசியைச் சீவிய தூளை விரல்நுனியில் தொட்டு இழுத்தால், அதே எண்ணெய்ப் பளபளப்பு வந்துவிடுகிறது.

சாலையின் நடு மேடும் முக்கியம். மழைநீர் வடிய நூற்றுக்கு இரண்டு என்று சரிவு வைத்தால், நம் அளவில் நடுப்பகுதி 0.8 மில்லிமீட்டர் உயரம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் இரண்டு பட்டைகளை அடியில் வைத்தால் போதும்.

தண்டவாளத்தைச் சாலை கடக்கும் இடத்தில் மட்டும் அசலை நம்பக் கூடாது. நிஜ ரயில் கேட்டில் சக்கரத்தின் விளிம்பு ஓட விடும் இடைவெளி 5 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். 87-ஆல் வகுத்தால் 0.6 மில்லிமீட்டர். ஆனால் மாதிரி ரயில் தடம் புரளாமலிருக்க அதன் சக்கர விளிம்பை விகிதத்துக்கு மீறித் தடிமனாகச் செய்கிறார்கள். அதற்கு ஒன்றேகால் மில்லிமீட்டராவது வேண்டும். அளவு பிசகாமல் 0.6 வைத்தால் சக்கரம் ஏறிக் கவிழும். தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள சாலை, தண்டவாளத் தலையை விட ஒரு மயிரிழை தாழ்ந்தும் இருக்க வேண்டும். நான் அங்கே சுவர்ப் பட்டி பூசித் தேய்த்தேன். அந்தத் தூள் தண்டவாளத்தில் படிந்து, அதன் வழியே வரும் மின்சாரத்தைத் தடுக்க, முதல் ஓட்டத்திலேயே எஞ்சின் கேட்டின் நடுவே நின்றுவிட்டது. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்த பிறகுதான் நகர்ந்தது.