பச்சை முக்கோணம் போட்டிருந்தால் மேலே பட்டாலும் பரவாயில்லையா?

தக்காளிக்குக் கருகல் மருந்து அடித்துவிட்டு, கழுத்தும் கண் இமையும் முன்கையும் தடித்துச் சிவந்து வைத்தியத்துக்கு என்னிடம் வருகிறவர்களுக்கு மழைக்காலத்தில் குறைவே இல்லை. பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கத்து ஆட்கள்தான் அதிகம். இந்த வாரம் வந்தவர் கூலிக்கு மருந்து அடிப்பவர். என்ன மருந்து என்று கேட்டால், "பூச்சி மருந்து இல்லீங்க சார், வெறும் பூஞ்சாண மருந்து. பச்சை முக்கோணம்தான் போட்டிருக்கு" என்கிறார். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

மருந்துப் பாக்கெட்டில் முக்கோணமாக இருக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை எல்லாம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில்: ஒரே தடவையில் உடம்புக்குள் போனால் உயிர் போக எவ்வளவு வேண்டும்? அதுவும் எலிகளை வைத்துப் போட்ட கணக்கு. பாதி எலிகள் சாக, உடல் எடையில் கிலோவுக்கு 5000 மில்லிகிராமுக்கு மேல் வாய்வழியாகக் கொடுக்க வேண்டியிருந்தால் பச்சை. அவ்வளவுதான். தோல் புண்ணாகுமா, கண் எரியுமா, வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் என்ன ஆகும் என்பதெல்லாம் அந்த நிறத்தில் இல்லை. மேன்கோசெப் என்ற பூஞ்சாண மருந்து பச்சைதான், தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனதும் அதுதான். உடலுக்குள் அது எத்திலீன் தயோயூரியா என்ற பொருளாக மாறி தைராய்டைத் தொந்தரவு செய்யும். 2020இல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தபோது ஹார்மோன் கோளாறையும் கருவுக்கு வரும் ஆபத்தையும் காரணமாகச் சொன்னது. கார்பென்டசிம் என்ற இன்னொரு பூஞ்சாண மருந்து கலக்கும் இடத்துக்குக் கர்ப்பிணிகள் போகவே வேண்டாம்.

"பத்து வருஷமா அடிக்கிறேன், இப்ப மட்டும் எப்படி?" என்பது அடுத்த கேள்வி. ஒவ்வாமை அப்படித்தான் வரும். ஒருமுறை தோல் பழகி வெறுக்க ஆரம்பித்துவிட்டால், அப்புறம் துளி பட்டாலும் போதும். பறிக்கப் போகும் பெண்களுக்கும், அந்தச் சட்டையைத் துவைக்கும் வீட்டுக்காரிக்கும்கூட வரும். (நம் பக்கத்தில் பார்த்தீனியம் செடியும் இதே இடங்களில் இதே மாதிரி படை கொடுக்கும். தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுச் சோதனை செய்யாமல் எது என்று நானும் அடித்துச் சொல்வதில்லை. மெடிக்கலில் வாங்கிய க்ரீமை மாதக்கணக்கில் பூசிவிட்டு வந்தால் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.)

கையால் கலக்காதீர்கள், குச்சி எதற்கு இருக்கிறது? நைட்ரைல் கையுறை போடுங்கள். மூக்கில் கட்டும் துண்டு மருந்தில் நனைந்தால், அது மருந்தை முகத்திலேயே ஒட்டி வைக்கும். அதைப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். ஒழுகும் டேங்கை முதுகில் மாட்டாதீர்கள். முதுகில் இறங்கும் மருந்து தொடை இடுக்குவரை போகும், அங்கே தோல் கையைவிடப் பல மடங்கு உறிஞ்சும். முடித்ததும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு அப்புறம் பீடி, சாப்பாடு எல்லாம். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். கண்ணில் தெறித்தால் கால் மணி நேரமாவது சுத்தத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம், தயவுசெய்து.

வாந்தி, மயக்கம், மூச்சுத்திணறல் என்றால் நேரே ஆஸ்பத்திரி. பெரும்பாலும் பூஞ்சாண மருந்தோடு பூச்சி மருந்தையும் ஒரே டேங்கில் கலந்திருப்பீர்கள். சில பூச்சி மருந்துக்கு மாற்று மருந்து உண்டு. பூஞ்சாண மருந்துக்குப் பெரும்பாலும் கிடையாது. எது உள்ளே போனது என்று தெரியாமல் எந்த ஊசியைப் போடுவது? அதனால் எல்லாப் பாக்கெட்டையும் கையோடு கொண்டு வாருங்கள். கிழிந்துபோயிருந்தாலும் சரி, போனில் எடுத்த படமாக இருந்தாலும் சரி.