அகதியா, ஏதிலியா?

குடியேற்றக் கொள்கை பற்றிய என் ஆய்வுக்காக, முகாமில் இருப்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது. எதிரே உட்கார்ந்து பதில் சொல்லப் போகிறவரை 'அகதி' என்று எழுதலாமா?

'கதி' வடசொல். போதல், வழி, புகலிடம் என்றெல்லாம் பொருள். 'உன்னையே கதி என்று வந்தேன்' என்கிறோமே, அந்தக் கதிதான். முன்னால் 'அ' சேர்ந்தால் அது இல்லை என்றாகிவிடும். நிர்க்கதியும் இதே குடும்பம். ஆக, அகதி என்றால் போக்கிடம் அற்றவர்.

ஆங்கிலத்தின் 'ரெஃப்யூஜி' அப்படியல்ல. அதன் வேரான லத்தீன் சொல்லுக்குப் புகலிடம் என்று பொருள். 1685-இல் பதினான்காம் லூயி மன்னர் மத உரிமையைப் பறித்தபோது பிரான்ஸிலிருந்து தப்பியோடிய புராட்டஸ்டன்ட் மக்களைக் குறித்தே அது பரவியது. அந்தச் சொல்லுக்குள் புகலிடம் இருக்கிறது. நம் சொல்லுக்குள் அது இல்லாத குறைதான் இருக்கிறது.

சட்டத்தில் பொருள் இன்னும் இறுக்கம். இனம், மதம், நாட்டுரிமை, சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றில் ஒன்றின் பேரால் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தில் நாட்டைவிட்டு வந்தவரே அகதி என்கிறது 1951-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை. இந்தியா அதில் இன்னும் சேரவில்லை. பிழைப்புத் தேடிப் போனவர் புலம்பெயர்ந்தவர். மனுப் போட்டுவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர் தஞ்சம் கோருபவர். செய்திகளில் மூன்றையும் கலந்து எழுதுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஆபத்துள்ள நாட்டுக்கு அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது அந்த ஐ.நா. உடன்படிக்கையின் 33-ஆம் பிரிவு. ஒரு சொல் மாறினால் அந்தக் காப்பே கைநழுவிவிடும்.

சரி, தமிழ்ச்சொல்? 'ஏதிலி' என்பார்கள். ஈழத்தவர் எழுத்தில் நிறையப் பார்க்கலாம். எனக்கு அதில் ஒரு நெருடல். 'ஏதிலார் குற்றம்போல்' என்னும் குறளில் (190) ஏதிலார் என்றால் அயலார். 'ஏதில் பிணம்' (913) என்றால் யாரென்றே தெரியாதவரின் பிணம். அடைக்கலம் தேடி வந்தவரை அயலார் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

தமிழ்நாட்டில் 2021-இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று அரசு மாற்றியது. பெயர் மாறியதால் குடியுரிமை வந்துவிடவில்லை. இருந்தாலும் அங்கே பிறந்து வளரும் பிள்ளை தன் முகவரியில் 'அகதி' என்று எழுத வேண்டியதில்லை. எனக்கு அது பெரிய விஷயம்.

கேள்வித்தாளில் 'தஞ்சம் புகுந்தவர்' என்றே எழுதினேன். சட்டம் பேசும் பகுதியில் மட்டும் 'அகதி'யை விட்டுவைத்திருக்கிறேன். உரிமை கேட்டு நிற்கும்போது எல்லோருக்கும் புரியும் சொல் அதுதான்.