விழிவெண்படலம்: இல்லாத வெள்ளையும் சிராய்ந்த கண்ணும்

‘விழிவெண்படலச் சிராய்ப்பு’ என்ற தொடரை இன்னும் எத்தனை துண்டுப்பிரசுரங்களில்தான் வாசிப்பது! கண்ணின் முகப்பில், கண்மணிக்கும் அதைச் சுற்றிய நிறவளையத்துக்கும் மேலே மூடியிருக்கும் தெளிந்த படலத்துக்கு இட்ட பெயர்தான் விழிவெண்படலம். அந்தப் படலத்தில் வெள்ளை ஒரு பொட்டும் கிடையாது.

‘கோர்னியல் அப்ரேஷன்’ என்ற ஆங்கிலத் தொடரின் மொழிபெயர்ப்பு இது; மூலச்சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கோர்னியா என்பது லத்தீனில் கொம்பைக் குறிக்கும் சொல்லடியில் பிறந்தது. மெல்லியதாகச் சீவிய கொம்பு ஒளியை உள்ளே விடும்; பெயர்க்காரணம் அதுதான் என்பார்கள். அப்ரேஷன் என்றால் சுரண்டப்படுதல். இரண்டிலும் வெள்ளைக்கு இடமே இல்லை.

பிறகு வெண்மை எங்கிருந்து வந்தது? ‘வெள்ளை மனம்’ என்கிறோமே, வெண்மை என்றால் தெளிவும்தானே என்று ஒரு நண்பர் வாதாடினார். கவிதைக்குச் சரி. ஆனால் கண்ணைப் பற்றிப் பேசும்போது வெள்ளை என்றால் எங்கள் சனத்துக்கு வெள்ளைவிழிதான். கண்ணின் வெள்ளையான வெளிப்புறப் படைதான் முன்னால் வரும்போது தெளிந்த படலமாக மாறுகிறது, ஆகவே பெயரும் தொடரலாம் என்பது இன்னொரு சமாதானம். தொடர்ச்சி உண்மை. ஆனால் வெள்ளையான பகுதிக்கு வன்கோதுப்படை என்று நிறமே சொல்லாத பெயரைக் கொடுத்துவிட்டு, நிறமே இல்லாததற்கு வெண்மையைப் பூசியது என்ன நியாயம்?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அந்தப் படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை. அதன் நார்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. அதனால்தான் ஒளி தடையின்றிப் போகிறது. அது வெளுத்தால் நோய். ஊரில் அதை ‘கண்ணிலை பூ விழுந்திட்டுது’ என்பார்கள். நலமாக இருக்கும் உறுப்புக்கு நோயின் நிறத்தைப் பெயராக வைத்திருக்கிறோம்! பிள்ளையின் நகம் பட்டோ பனை மட்டையின் கருக்குத் தட்டியோ கண் அராத்த ஓடிவந்த ஒரு தாயிடம் ‘விழிவெண்படலத்தில் காயம்’ என்று சொல்லிப் பாருங்கள். “ஐயோ டொக்டர், வெள்ளை படர்ந்திட்டுதோ?” என்றுதான் கேட்பார். அவரில் பிழையில்லை.

உண்மையில் சிராய்ப்பு அவ்வளவு பயப்பட வேண்டிய காயம் அல்ல. ஆரஞ்சு நிறச் சாயத்துளி விட்டு நீல ஒளியில் பார்த்தால் தோலுரிந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். சுற்றியுள்ள மேற்பரப்புக் கலங்கள் நகர்ந்து வந்து அந்த இடத்தை மூடிவிடும். சிறிய காயமென்றால் ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள். கண்ணீரும் மேடுபள்ளமான பரப்பும் சேர்ந்துதான் பார்வையை மங்கவைக்கின்றன; பரப்பு சீரானால் பார்வை தானாகத் தெளியும். கண்ணை மரத்துப்போகச் செய்யும் துளியை வீட்டுக்குக் கொடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சக்கூடாது. அது காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். கண்ணில் தாய்ப்பால் விடுகிற பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். காயம் மேற்பரப்பைத் தாண்டி ஆழமாகப் போனால் தழும்பு விழும். ஓலை, ஈர்க்கு போன்றவை குத்திய காயத்தில் பூஞ்சை தொற்றிப் புண்ணாகவும் கூடும். வெண்படலம் என்ற சொல்லை அப்படி மிஞ்சும் தழும்புக்கு ஒதுக்கியிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன்.

தமிழகத்துப் பத்திரிகைகள் ‘கருவிழி’ என்று எழுதுகின்றன. கருவிழி மாற்றுச் சிகிச்சை என்று வாசித்திருப்பீர்கள். இதுவும் துல்லியமில்லை, கருமை உள்ளே இருப்பது. ஆனாலும் கருவிழி என்றவுடன் எல்லோருடைய விரலும் சரியான இடத்தைக் காட்டும். ஆகவே அதன்மேல் படிந்த படலத்துக்குக் கருவிழிப்படலம் என்பதே என் தெரிவு. தூய்மைவாதிகள் கோர்னியாவைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் பெரிய கோபம் இல்லை. தவறான தமிழைவிடப் புரிகிற கோர்னியா மேல். சிராய்ப்பு மட்டும் இருக்கட்டும். கீறல் என்றால் வெட்டுக்காயமோ என்று குழப்பம் வரும்.

அப்புறம் அதே துண்டுப்பிரசுரங்களில் வரும் இந்தப் ‘பார்வை மீட்பு’. கண் சிராய்ந்தவர் குருடாகவில்லை, மீட்பதற்கு. ‘தெளிவான பார்வையை மீளப்பெறல்’ என்று இன்னொருவர் எழுதுகிறார். ‘பார்வை தெளிதல்’ என்றால் போதாதா? யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்தார். அவருடைய தமிழ் அறுவை மருத்துவ நூலான ‘இரணவைத்தியம்’ 1867இல் வந்துவிட்டது. அவருடைய மொழிநடையில் வடமொழி அதிகம்தான். ஆனால் நோயாளியைத் தொட்டுப் பார்த்த கை அதை எழுதியது. இன்றைய மொழிபெயர்ப்பாளர் பலர் அகராதியைத் திறக்கிறார்கள், கிளினிக் வாங்கில் ஒரு மணித்தியாலம் இருந்து சனம் பேசுவதைக் கேட்பதில்லை.

துண்டுப்பிரசுரத்துக்கு இவ்வளவு போதும்: ‘உங்கள் கருவிழிப்படலம் சிராய்ந்திருக்கிறது. கண்ணைக் கசக்க வேண்டாம். தந்த மருந்தை நேரத்துக்கு விடுங்கள். சில நாட்களில் மங்கல் தெளியும். நோ கூடினால், மங்கல் மாறாவிட்டால், கண்ணில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் உடனே வாருங்கள். ஆறிய பிறகும் காலையில் கண் விழிக்கும்போது திடீரென நோவெடுத்தால் அதையும் வந்து சொல்லுங்கள்.’